ஒரு ரூபாய் டயோடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. பேப்பரில் கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். அடுத்தபடி தூங்கலாமா, இன்னொரு காபி கேட்கலாமா (கேட்டால் கிடைக்குமா என்பது வேறு விஷயம்) என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா பையன் வந்து நின்றான். தோளில் லாப்டாப் பை. ஒரு கையில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஏதோ சமாசாரம், அதிலிருந்து இரண்டு வயர். இன்னொரு கையில் காலி பக்கெட்.

"மாமா, உங்க வீட்ல உயரமா ஸ்டூல் இருக்கா?"

"எதுக்குடா?"

"ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். புதன்கிழமை டெமோ. கம்ப்யூட்டர் சொன்னா தண்ணி வரணும், போதும்னா நிக்கணும். எங்க வீட்ல செஞ்சா அம்மா திட்டறாங்க."

என் வீட்டில் செய்தால் என் மனைவி திட்ட மாட்டாள் என்று அவனுக்கு யார் சொன்னது? இருந்தாலும் ஸ்டூலைக் கொடுத்தேன். தாய்மாமன் கடமை.

அவன் கையிலிருந்த சமாசாரத்தின் பெயர் ஸோலனாய்டு வால்வு. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. டாங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்துவது அதுதான். வாஷிங் மெஷின், கார் கதவின் பூட்டு, எல்லாவற்றிலும் இதன் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் உண்டு. விஷயம் சிம்பிள். செப்புக் கம்பியைக் குழாய் போலச் சுற்றியிருப்பார்கள். நடுவில் ஒரு இரும்புத் தண்டு, அதன் தலையில் ஒரு ஸ்பிரிங். கரண்ட் கொடுத்தால் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும், வால்வு திறக்கும். கரண்டை நிறுத்தினால் ஸ்பிரிங் தண்டைத் தள்ளிவிடும், வால்வு மூடும். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெயர் வைத்தவர் ஆம்பியர் என்கிற பிரெஞ்சுக்காரர். கிரேக்க மொழியில் குழாய்க்கு உள்ள சொல்லை எடுத்து வைத்தார்.

அக்கா பையன் லாப்டாப்பைத் திறந்தான். பக்கத்தில் சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி வைத்தான். அதற்குப் பெயர் டேட்டா அக்விசிஷன். கம்ப்யூட்டருக்கு எண்கள்தான் புரியும், வெளி உலகத்துக்கு வோல்ட்தான் புரியும். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்கிற துபாஷிதான் இந்தப் பெட்டி. காலேஜ் சொத்து. ஹெச்.ஓ.டி.யிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருக்கிறான்.

"போச்சுன்னா நான்தான் கட்டணும் மாமா. அப்பாவோட ஒரு மாசப் பென்ஷன் போயிடும்."

என் அத்தான் ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

*

"சரி, இந்தப் பெட்டி எவ்ளோ கரண்ட் கொடுக்கும்?"

"5 வோல்ட், 8 மில்லி ஆம்பியர்."

"வால்வுக்கு?"

"24 வோல்ட், கால் ஆம்பியர்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டியால் அதிகபட்சம் கொடுக்க முடிந்தது 40 மில்லி வாட். வால்வு கேட்பது 6 வாட். நூற்றைம்பது மடங்கு. நேராக இணைத்தால் ஒன்று, வால்வு அசையாது. இல்லாவிட்டால் பெட்டி தன் சக்திக்கு மீறி இழுத்து உயிரை விடும். கடன் கேட்டு வந்தவனுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத நம் ஹெட்கிளார்க் மாதிரி.

அணையைத் திறக்கச் சொல்லி கலெக்டர் கையெழுத்துப் போடுகிறார். அவரே போய் ஷட்டரைத் தூக்குவதில்லை. கையெழுத்து ஒரு இடம், தூக்குகிற பலம் வேறொரு இடம். கம்ப்யூட்டரும் இப்படித்தான். அதனிடமிருந்து வருவது வெறும் கையெழுத்து. தூக்குவதற்கு நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும், பலம் கொடுக்கத் தனியாக ஒரு 24 வோல்ட் சப்ளை வேண்டும். டிரான்சிஸ்டரிலும் கலெக்டர் என்று ஒரு கால் உண்டு. ஆனால் அங்கே பேஸ் என்கிற சின்னக் கால் உத்தரவு போட, சுமையைக் கலெக்டர் சுமக்கிறார். எலெக்ட்ரானிக்ஸில் மட்டும்தான் இந்த நியாயம்.

பையன் கெட்டிக்காரன். டிரான்சிஸ்டருக்குப் பதில் யூ.எல்.என். 2003 என்கிற சிப் போட்டிருந்தான். பதினாறு கால் பூச்சி. உள்ளே ஏழு ஜோடி டிரான்சிஸ்டர், ஒவ்வொன்றும் அரை ஆம்பியர் வரை தாங்கும். 24 வோல்ட் சப்ளையின் மைனஸையும் பெட்டியின் கிரவுண்டையும் ஞாபகமாகச் சேர்த்திருந்தான். நிறையப் பேர் அதையே மறந்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று ராத்திரியெல்லாம் முழிப்பார்கள்.

"டயோடு எங்கடா?"

"அதெல்லாம் உள்ளயே இருக்கு மாமா."

எனக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே அலட்சியத்தோடு, 1997-ல் ஒருவரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

*

அப்போது அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பி.இ. படித்து முடித்த சூடு இன்னும் ஆறாத வயசு. மாசம் மூவாயிரம். பாட்டிலில் எண்ணெய் ரொப்புகிற மெஷினைக் கம்ப்யூட்டரில் ஓட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அதற்கென்று ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு கார்டு வாங்கினார். கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே செருகுகிற கார்டு. அதில் 8255 என்று ஒரு சிப், எட்டெட்டாக 24 லைன். டர்போ சி-யில் ஒரு வரி எழுதினால் ஒரு லைன் உயிர் பெறும். முதல் தடவை வால்வு 'டக்' என்றபோது எனக்கு ராக்கெட் விட்ட பெருமை.

டிராயிங் என்னுடையது. வயரிங் எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன். ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிடப் பத்து வயசு பெரியவர், என்னைவிடச் சம்பளம் கம்மி, ஆயிரத்து எண்ணூறு. என் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஸார், காயிலுக்குக் குறுக்க டயோடு எதுவும் போடலியே?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் டிசைன்லயே இருக்குண்ணே. நீங்க படத்துல உள்ளபடி வயர் பண்ணுங்க."

டிசைனில் இல்லை. எனக்கு அது ஞாபகமே இல்லை என்பதுதான் நிஜம். காலேஜில் ஒரு பக்கத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தது.

என்ன பெரிய டயோடு என்று கேட்பீர்கள். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்திருக்கிறீர்களா? டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகிறது? பஸ் நிற்கும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். முன்னால் நிற்பவர் மேல் போய் விழுவீர்கள். கம்பிச்சுருளில் ஓடுகிற கரண்டும் அப்படித்தான். சட்டென்று நிறுத்தினால் நிற்காது. காந்தத்தில் சேர்த்து வைத்த சக்தியையெல்லாம் திரட்டிக்கொண்டு, எந்த வழியிலாவது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். வழி இல்லாவிட்டால் வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். 24 வோல்ட்டில் ஓடுகிற காயில், அணைக்கிற அந்த நொடியில் சில நூறு வோல்ட்டுக்குப் பாயும். இதை அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்கிற வாத்தியார் கவனித்து 1832-ல் எழுதி வைத்தார். நீளக் கம்பியை பாட்டரியிலிருந்து பிடுங்கும்போது மட்டும் பெரிசாகப் பொறி பறப்பானேன் என்று யோசித்தவர். அவர் பெயரைத்தான் அந்தக் குணத்தை அளக்கிற யூனிட்டுக்கு வைத்திருக்கிறார்கள்.

இதே குறும்பை நல்ல காரியத்துக்கும் உபயோகிக்கிறோம். பழைய அம்பாஸடர் காரில் பாயிண்ட் என்று ஒன்று இருக்குமே, அது காயிலில் ஓடும் கரண்டை வெடுக்கென்று வெட்டுவதால்தான் வெறும் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கிடைக்கிறது. காரில் அது இஞ்சினை ஓட்டும். டிரான்சிஸ்டரில் அது கருமாதி.

டயோடு என்பது ஒருவழிப் பாதை. காயிலுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி வைத்தால், வால்வு திறந்திருக்கும்போது அது சும்மா இருக்கும். அணைத்த கணத்தில், ஓட வழி தேடுகிற கரண்டுக்கு 'இப்படி வா, இங்கேயே சுத்து' என்று பாதை கொடுக்கும். சுற்றிச் சுற்றிச் சூடாகி ஓய்ந்துவிடும். ரிச்சி தெருவில் அன்றைக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் டயோடும் கொடுத்துப் பாக்கிச் சில்லறையும் கொடுப்பார்கள்.

மெஷின் காலையில் நன்றாகத்தான் ஓடியது. முப்பது, நாற்பது பாட்டில் ரொம்பியிருக்கும். ஒவ்வொரு 'டக்'குக்கும் டிரான்சிஸ்டர் ஒரு உதை வாங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் தரையெல்லாம் எண்ணெய். டிரான்சிஸ்டர் செத்துப்போகும்போது பெரும்பாலும் மூடிக்கொண்டு சாவதில்லை, திறந்த கதவாகச் சாகிறது. வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. போகிற போக்கில் 24 வோல்ட் பின்வழியாகக் கார்டுக்குள் புகுந்து 8255-ஐயும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எண்ணெய் நடுவில் நின்று கேட்டார். "வயரிங் யார் பண்ணது?"

"எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் ஸார்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முழு உண்மையாகவே ஒரு பொய்யைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமாங்க, என் கைதான் வயர் பண்ணிச்சு" என்றார். அவ்வளவுதான். கார்டின் பாதி விலையை அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். மாசம் முந்நூறு, பத்து மாசம்.

ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த ஒண்ணாந்தேதி பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைப்பேன். பதினோராவது மாசம் நான் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

*

"மாமா, என்ன யோசனை?"

"உள்ளே டயோடு இருக்குன்னியே, ஒன்பதாவது கால் எங்க போகுது காட்டு."

தேடினான். யூ.எல்.என். சிப்புக்குள் டயோடு இருப்பது வாஸ்தவம். ஆனால் எல்லா டயோடுகளின் தலையும் ஒன்பதாவது காலில் முடிகிறது. அந்தக் காலை 24 வோல்ட் பிளஸ்ஸோடு இணைத்தால்தான் பாதை பூர்த்தியாகும். அவன் போர்டில் ஒன்பதாவது கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறது, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம் என்கிற மாதிரி.

பையன் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து பத்து தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணேன் மாமா."

"ஒவ்வொரு தடவையும் உங்க அப்பா பென்ஷன்ல ஒரு உதை விழுந்துச்சு. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணு."

ஒரு துண்டு வயர், ஒரு சொட்டு ஈயம். முடிந்தது. ஸ்டூல் மேல் பக்கெட், கீழே ஒரு சொம்பு. பைத்தானில் எழுதிய புரோகிராமை ஓட்டினான். டக். தண்ணீர். டக். நின்றது. பையன் குதித்தான்.

"இருடா. இப்ப வால்வைத் திற. திறந்திருக்கும்போதே புரோகிராமைக் கொல்லு."

"ஏன் மாமா?"

"கொல்லு, சொல்றேன்."

டாஸ்க் மானேஜரில் போய்க் கொன்றான். தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சொம்பு நிரம்பியது. வழிந்தது. பையன் லாப்டாப்பைப் பார்த்தான், வால்வைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெட்டிக்குக் கடைசியாக வந்த உத்தரவு 'திற'. உத்தரவு போட்டவர் செத்துப்போனது அதற்குத் தெரியாது. அடுத்த ஆர்டர் வரும்வரை பழைய ஆர்டர்தான் செல்லும். கவர்மென்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"என்னங்க, இது ஹாலா, கார்ப்பரேஷன் குழாயடியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. 24 வோல்ட் பிளக்கைப் பிடுங்கினேன். நின்றது.

அப்புறம் மாப் போட்டுத் துடைத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்கிற வால்வாக எப்போதும் வாங்கு. நீ வாங்கினது அதுதான், நல்லது. 24 வோல்ட்டை வெட்ட, கம்ப்யூட்டரைக் கேட்காமல் கையால் அணைக்கிற ஒரு ஸ்விட்ச் வை. மூன்றாவது, வாட்ச் டாக் என்று ஒரு சர்க்யூட் போடு. புரோகிராம் அரை நொடிக்கு ஒரு தடவை 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அதுவே வால்வை மூடிவிடும். ராத்திரி கூர்க்கா விசில் அடிக்கிற மாதிரி. விசில் கேட்கவில்லையென்றால் எழுந்து கதவைத் தாழ் போடுகிறோம் இல்லையா?

"இன்னொண்ணு. ரெண்டு செகண்ட் திறன்னு விண்டோஸ்கிட்ட சொன்னா கரெக்டா ரெண்டு செகண்ட் திறக்கும்னு நம்பாதே. அதுக்கு ஆயிரம் வேலை. சில மில்லி செகண்ட், சமயத்துல அதுக்கும் மேல தள்ளிப் போடும். எங்க காலத்து டாஸ் கடிகாரம் நொடிக்குப் பதினெட்டு தடவைதான் டிக் அடிக்கும், அதை நம்பி நாங்க எண்ணெய் ஊத்தினோம். அளவு கரெக்டா வேணும்னா பெட்டிக்குள்ள இருக்கற கவுன்ட்டரை வச்சு நேரம் எண்ணு. டயோடு போட்டதால வால்வு மூடறதும் ஒரு துளி லேட்டாகும். அது ஏறக்குறைய ஒரே மாதிரி லேட். அளந்து கழிச்சுக்கலாம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே கேட்டான். "உங்களுக்கு இதெல்லாம் எப்படி மாமா தெரியும்?"

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. 1997-ஐ முழுக்கச் சொன்னேன். வேட்டி, எண்ணெய், மாசம் முந்நூறு, எல்லாம். இருபது வயசுப் பையன்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், நேரடியாகக் கேட்டுவிடுவார்கள்.

"அப்புறம் அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

*

புதன்கிழமை அவன் டெமோ முடிந்து "சூப்பர் மாமா" என்று போன் பண்ணினான். டெமோ நடுவே புரோகிராமைக் கொன்று காட்டினானாம், வால்வு தானாக மூடியதாம். அன்று மதியம் நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அம்பத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் சொந்தமாக மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்து, "வாங்க ஸார்" என்றார், போன வாரம்தான் பார்த்த மாதிரி. டீ வந்தது. நான் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு அந்தக் கார்டு போனது என் தப்புதான்."

"தெரியுமே" என்றார்.

"எப்படி?"

"மறுநாள் புது டிராயிங் குடுத்தீங்க இல்ல? டயோடு போட்டு. மூலையில ரிவிஷன் ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்க. டிசைன்லயே இருந்துச்சுன்னா ரிவிஷன் எதுக்கு ஸார்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன். அவர் தொடவில்லை.

"அந்த வருஷம் பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டறதுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப அவளே டீச்சரா இருக்கா. இதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

கவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவர் உள்ளே திரும்பி, காயில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பொடியனைக் கூப்பிட்டார்.

"இவன் நம்மகிட்ட வேலை பழகறான். கம்ப்யூட்டர்லேருந்து காயிலை ஓட்டறது எப்படின்னு தினம் என் உயிரை எடுக்கறான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து சொல்லிக் குடுங்க ஸார். பத்து மாசம் வந்தாப் போதும்."

கணக்கில் அவர் எப்போதுமே கரெக்ட்.

நாளைக்கு முதல் ஞாயிறு. ரிச்சி தெருவில் போய் டயோடு வாங்கி வைத்திருக்கிறேன். விலை கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது.